மரபணு கிடைத்துவிட்டது, நூல் இன்னும் சிலந்தியிடமே இருக்கிறது

2012-ல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு மேலங்கியைக் காட்சிக்கு வைத்தார்கள். பொன்மஞ்சள் நிறம். சாயம் எதுவும் ஏற்றவில்லை, நூலின் நிறமே அதுதான். மடகாஸ்கர் தீவில் பிடித்த சுமார் 12 லட்சம் பெண் சிலந்திகளிடமிருந்து இழை இழுத்து நெய்தது. சைமன் பியர்ஸ், நிக்கோலஸ் காட்லி என்ற இருவர் கூலிக்கு ஆள் வைத்து, மரத்திலும் தொலைபேசிக் கம்பத்திலும் வலை கட்டியிருந்த சிலந்திகளைப் பிடித்து வரச் சொன்னார்கள். கையால் சுற்றும் ஒரு சின்னக் கருவியில் ஒரே சமயத்தில் 24 சிலந்திகளை மாட்டி, ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் வரும் இழையை ஒன்றுசேர்த்து முறுக்கினார்கள். வேலை முடிந்ததும் சிலந்திகளை வெளியே விட்டுவிட்டார்கள்.

ஓர் அங்கிக்கு 12 லட்சம் சிலந்தி. சிலந்திப் பட்டின் பொருளாதாரம் இவ்வளவுதான். பட்டுப்புழு மாதிரி பண்ணை வைத்து வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கான பதில் முந்நூறு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தைச் சேர்ந்த போன் என்ற பெரிய மனிதர் சிலந்தியின் முட்டைப்பை நூலில் கையுறையும் காலுறையும் செய்து காட்ட, பாரிஸ் அறிவியல் கழகம் அதை விசாரிக்கும் பொறுப்பை ரியோமியூர் என்ற விஞ்ஞானியிடம் கொடுத்தது. 1710-ல் அவர் சொன்ன தீர்ப்பு: தொழிலாக நடக்காது. ஒரே இடத்தில் அடைத்துவைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். தருமபுரி, ஓசூர்ப் பக்கம் பட்டுக்கூடு வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே தட்டில் கிடந்து மல்பெரி இலையைத் தின்னுமே தவிர, பக்கத்துப் புழுவைத் தொடாது.

சிலந்தி வேண்டாம், அதன் மரபணு மட்டும் போதும் என்ற யோசனை பிறந்தது இந்த இடத்தில்தான். 1990-ல் அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் ராண்டி லூயிஸும் அவருடைய சகாவும் பொன்வலைச் சிலந்தியின் நூல் புரதத்துக்கான மரபணுவில் ஒரு பகுதியைப் படித்து வெளியிட்டார்கள். ஸ்பைட்ராயின் என்று பெயர் பெற்ற இந்தப் புரதத்தைப் பாக்டீரியாவிலோ ஆட்டிலோ விளைவித்து, குண்டு துளைக்காத சட்டையும் அறுவைசிகிச்சைத் தையல் நூலும் செய்துவிடலாம் என்று பத்திரிகைகள் எழுதின. 35 வருஷம் ஓடிவிட்டது. அந்தச் சட்டை எந்தக் கடைக்கும் வரவில்லை. மரபணு கையில் இருந்தும் நூல் ஏன் வரவில்லை?

ஒரு வயிறு, ஏழு சுரப்பி

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சிலந்தி நூல் என்று ஒற்றைப் பொருள் கிடையாது. வட்டவலை பின்னும் பெண் சிலந்தியின் வயிற்றில் ஏழு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. சிலந்தி தொங்கிக்கொண்டு இறங்குவதும் வலைக்குச் சட்டம் கட்டுவதும் ஒரு சுரப்பியின் இழையில். வலை கட்டும்போது தற்காலிகமாகச் சுற்றிப் போடும் இழை இன்னொன்றில். பூச்சி மோதும்போது நீண்டு கொடுக்கும் சுருள் இழை மூன்றாவதில். அந்தச் சுருள்மேல் பூசும் பசை நான்காவதில். பிடித்த இரையைச் சுற்றிக் கட்ட, முட்டைப்பைக்கு மேலுறை போட, இழையைச் சுவரில் ஒட்டவைக்க என்று மற்றவை. ஒவ்வொரு சுரப்பியும் தனக்கான ஸ்பைட்ராயின் மரபணுக்களை மட்டும் இயக்குகிறது. ஒரே ஆளின் உடம்பில் ஏழு நூற்பாலை.

'இரும்பைவிட வலிமை' என்ற பேச்செல்லாம் இதில் முதல் வகை இழையைப் பற்றியது, அதுவும் எடைக்கு எடை ஒப்பிட்டால். சிலந்தி நூலின் உண்மையான பெருமை வலிமையில் இல்லை, தாங்குதிறனில் இருக்கிறது என்பேன். அறுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது வலிமை. அறுபடுவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கும் என்பது தாங்குதிறன். வேகமாகப் பறந்து வரும் வண்டை நிறுத்த இரண்டாவதுதான் வேண்டும்.

இந்தக் குணங்கள் மரபணுவின் எழுத்திலேயே தெரிகின்றன. டி.என்.ஏ-வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் ஒவ்வொரு மூவெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். ஜி, ஜி என்று தொடங்கினால் மூன்றாவது எழுத்து எதுவானாலும் கிளைசின். ஜி, சி என்று தொடங்கினால் அலனின். தொங்கும் இழையின் மரபணுவைத் திறந்தால் பக்கம் பக்கமாக இந்த இரண்டும்தான். கிளைசின், கிளைசின், வேறு ஏதோ ஒன்று. மறுபடி கிளைசின், கிளைசின். நடுவில் திடீரென்று ஐந்தாறு அலனின் வரிசையாக. மறுபடி கிளைசின். ஒரு நல்ல புரதத்துக்கு 20 வகை அமினோ அமிலங்களும் தேவைப்படும்போது, சிலந்தி இரண்டை வைத்தே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகிறது.

அலனின் வரிசைகள் பக்கத்துப் புரதங்களின் அலனின் வரிசைகளோடு அடுக்கடுக்காகப் படிந்து நுண்ணிய படிகங்களாக இறுகுகின்றன. இழையின் வலிமை அங்கே. படிகங்களுக்கு நடுவே கிளைசின் நிறைந்த பகுதிகள் நெகிழ்ந்து கிடக்கின்றன. இழையின் நீட்சி அங்கே. கிளைசினுக்கு அடுத்து புரோலின் என்ற அமிலம் வந்தால் சங்கிலி வளைந்து மடிந்து, இழுத்தால் நீளும். சுருள் இழையின் புரதத்தில் இந்தக் கிளைசின்-புரோலின் மடிப்பு விடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவேதான் அது தன் நீளத்தைப்போல இரு மடங்குக்கு மேல் நீள்கிறது.

மடகாஸ்கரில் டார்வின் மரப்பட்டைச் சிலந்தி என்று ஒன்று இருக்கிறது. 2010-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 25 மீட்டர் வரை இழை கட்டி, நடு ஆற்றுக்கு மேல் வலையைத் தொங்கவிடும். இதுவரை அளந்த உயிரிழைகளில் தாங்குதிறன் மிக அதிகம் இதற்குத்தான். 2019-ல் இதன் சுரப்பியில் எந்த மரபணுக்கள் ஓடுகின்றன என்று பார்த்தபோது, புரோலின் மிகுந்த புதுவகை ஸ்பைட்ராயின் ஒன்று அகப்பட்டது. கதை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சுரப்பியிலிருந்து வெளியே வரும் குழாய் இந்தச் சிலந்திக்கு வழக்கத்துக்கு மாறாக நீளம். புரதம் ஒரு காரணம், குழாய் ஒரு காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தக் குழாய் சமாச்சாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

கிழிந்த நோட்டு

மரபணுவை முழுசாகப் படித்து முடிப்பதே பெரிய பாடாகிவிட்டது. டி.என்.ஏ வாசிக்கும் வழக்கமான இயந்திரங்கள் அதைச் சின்னச் சின்னத் துண்டாக, ஒரு தடவைக்குச் சில நூறு எழுத்து என்ற கணக்கில் வாசிக்கும். பிறகு, ஒரு துண்டின் வால் இன்னொன்றின் தலையோடு பொருந்துகிறதா என்று கம்ப்யூட்டர் பார்த்து ஒட்டும். சாதாரண மரபணுவுக்கு இது நன்றாக வேலைசெய்யும். சிலந்தி நூல் மரபணுவுக்குச் செய்யாது. பாட்டி ஒருத்தி பக்கம் பக்கமாக ஸ்ரீராமஜெயம் எழுதிய நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, எந்தத் துண்டு எந்தப் பக்கத்தது என்று கேட்டால் யார் சொல்வது? எத்தனை பக்கம் இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது.

அதனால் 17 வருஷம் எல்லோரிடமும் இருந்தவை அரைகுறைத் துண்டுகள்தான். பெரும்பாலும் மரபணுவின் வால் பகுதி. 2007-ல் கலிபோர்னியாவில் செரில் ஹயாஷியின் குழு, கருப்பு விதவைச் சிலந்தியின் தொங்கும் இழைக்கான இரண்டு மரபணுக்களை முதல்தடவையாக முழுமையாகப் படித்தது. ஒன்றில் 3,129 அமினோ அமிலம், இன்னொன்றில் 3,779. எழுத்துக் கணக்கில் பத்தாயிரத்துக்கு அக்கம்பக்கம். பெரும்பாலான உயர் உயிர்களின் மரபணுக்கள் நடுநடுவே புரதமாக மாறாத பகுதிகளால் துண்டுபட்டிருக்கும். இவையோ இடைவெளியே இல்லாமல் ஒரே மூச்சில் நீண்டிருந்தன.

சுருள் இழை மரபணு இதற்கு நேர் எதிர். அது பல துண்டாகக் கிடக்கிறது, நடுவே அப்படிப்பட்ட பகுதிகள் நிறைய. ஹயாஷியும் லூயிஸும் 2000-லேயே அதில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். புரதமாக மாறாத அந்த இடைப்பகுதிகளை இயற்கை கண்டுகொள்வதில்லை, அதனால் அவை காலப்போக்கில் இஷ்டத்துக்கு மாறிக்கொண்டே போகும் என்பதுதான் பாடப்புத்தகம். இங்கே புரதமாக மாறும் பகுதிகளைவிட இடைப்பகுதிகள்தான் ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன.

காரணம் அந்தத் திரும்பத் திரும்ப வரும் எழுத்துதான். முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். எழுத்து எங்கும் ஒரே மாதிரி இருந்தால் அவை தவறிய இடத்தில் பொருந்தும். ஒரு பக்கம் சில வரிகள் கூடும், மறுபக்கம் குறையும். இப்படிக் கூடிக் கூடி, குறைந்து குறைந்து, ஒரு மரபணுவுக்குள் இருக்கும் எல்லா வரிகளும் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. ஒரே சிலந்தியில் தாய் வழி வந்த பிரதியும் தந்தை வழி வந்த பிரதியும் நீளத்தில் வேறுபடுவது இதனால்தான். சிலந்திக்கு இது கோளாறு இல்லை. புதுப்புது நூல்களைப் பரீட்சித்துப் பார்க்க இயற்கைக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை என்றே தோன்றுகிறது.

பசை மரபணு இன்னும் பெரிய தலைவலி. நம் தோட்டங்களில் வலையின் நடுவே எக்ஸ் போட்டதுபோல வெள்ளைக் கோடு இழுத்து உட்கார்ந்திருக்குமே, அந்த ஆர்கியோப் இனத்தின் அமெரிக்க உறவு ஒன்றின் பசை மரபணுவை 2019-ல் சாரா ஸ்டெல்வாகனும் சகாவும் முழுமையாகப் படித்தார்கள். நாற்பதாயிரம் எழுத்துக்கு மேல் நீண்டது அது. நீண்ட இழைகளை அறுக்காமல் வாசிக்கும் நானோபோர் போன்ற புதிய இயந்திரங்கள் வராமலிருந்தால் இது நடந்திருக்காது.

முழு ஜீனோம்களும், அதாவது ஓர் இனத்தின் மொத்த டி.என்.ஏ எழுத்தும், ஒவ்வொன்றாக வந்தன. 2014-ல் ஆப்பிரிக்காவின் கூட்டுச் சிலந்தி ஒன்றும் பெரிய டாரன்டுலா ஒன்றும். 2017-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பொன்வலைச் சிலந்தியின் ஜீனோமை வெளியிட்டது. லூயிஸ் 1990-ல் தொட்ட அதே சிலந்தி. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளில் ஆள் உயரத்துக்குத் தங்கநிற வலை கட்டிவைக்கும் பெருஞ்சிலந்தி இதற்கு நெருங்கிய சொந்தம். ஏழு சுரப்பிக்கு ஏழெட்டு மரபணு இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 28 ஸ்பைட்ராயின் மரபணுக்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று நூல் சுரப்பிகளைவிட விஷச் சுரப்பியில்தான் அதிகம் ஓடிக்கொண்டிருந்தது. நூல் புரதத்துக்கு விஷப் பையில் என்ன வேலை?

இந்த 28-ம் ஒரே மூதாதை மரபணு பிரதியாகிப் பிரதியாகிப் பிரிந்தவை என்பதற்குத் தடயம் அவற்றின் இரு முனைகளில் இருக்கிறது. நடுப்பகுதி சுரப்பிக்குச் சுரப்பி தலைகீழாக மாறினாலும், தலையும் வாலும் பல கோடி வருஷமாகப் பெரிதாக மாறவில்லை. நடுப்பகுதிதானே நூலின் குணத்தைத் தருகிறது, முனைகளைப் பத்திரமாக வைத்திருப்பானேன்? ஆரம்பகால ஆராய்ச்சியாளர்கள் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் போனார்கள். பிசகு அங்கேதான்.

ஆட்டுப்பால், பாக்டீரியா, பட்டுப்புழு

கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் நெக்ஸியா என்ற கம்பெனி சிலந்தி மரபணுவை ஆட்டுக்குள் வைத்தது. பாலோடு ஸ்பைட்ராயின் சுரந்தது. பாலிலிருந்து புரதத்தைப் பிரித்து நூலாக இழுப்பதாகத் திட்டம். 'பயோஸ்டீல்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆடு நன்றாகத்தான் இருந்தது, பாலும் வந்தது. இயற்கை இழைக்கு ஈடான வலிமையோடு நூல் வரவில்லை. கம்பெனி சில வருஷத்தில் மூடிக்கொண்டது. ஆடுகள் ராண்டி லூயிஸ் கைக்குப் போய், அவரோடு யூட்டாவுக்கும் போயின.

பாக்டீரியாவில் வேறு வகைச் சிக்கல். அதற்கு நீளமான, திரும்பத் திரும்ப வரும் மரபணுவைக் கொடுத்தால், நடுவே பல வரிகளை வெட்டி எறிந்துவிடும். வெட்டாமல் படித்தாலும், புரதத்தில் கிட்டத்தட்ட பாதி கிளைசின் என்பதால், கிளைசினைச் சுமந்து வரும் மூலக்கூறுகள் தீர்ந்துபோய் உற்பத்தி பாதியில் நிற்கும். 2010-ல் தென் கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்தில் சாங் யூப் லீ குழு பாக்டீரியாவின் கிளைசின் சப்ளையையே திருத்தியமைத்து, சிலந்தி செய்யும் அளவுக்கு நீளமான புரதத்தை எடுத்தது. 2018-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இரண்டு புரதத்தை ஒட்டி அதைப்போல இரு மடங்கு நீளத்துக்குச் செய்தார்கள். அந்த நூல் இயற்கை இழையின் வலிமையை எட்டியது. சோதனைச்சாலை அளவில் மட்டும்.

பட்டுப்புழுதான் புத்திசாலித்தனமான தேர்வு என்பது என் கட்சி. ஏற்கெனவே நூல் சுரப்பியும் நூற்கும் குழாயும் இருக்கின்றன, வளர்க்கத் தெரிந்த லட்சக்கணக்கான விவசாயிகளும் இருக்கிறார்கள். 2023-ல் ஷாங்காயின் டோங்குவா பல்கலைக்கழகத்தில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் பட்டுப்புழுவின் நூல் மரபணு இருந்த இடத்தில் சிலந்தியின் மரபணு ஒன்றை வைத்தார்கள். புழு கூடு கட்டியது. அந்த இழையின் தாங்குதிறன், குண்டு துளைக்காத சட்டைக்குப் போடும் கெவ்லாரைப்போல ஆறு மடங்கு. இத்தனைக்கும் அவர்கள் எடுத்தது பிரபலமான தொங்கும் இழை மரபணுவை அல்ல, தற்காலிகச் சுருளுக்கானதை.

புழு ஜெயித்து ஆடு தோற்றதற்குக் காரணம் குழாய். ஆட்டுக்கு மடி இருக்கிறது, நூற்கும் குழாய் இல்லை.

சிலந்தியின் சுரப்பிக்குள் இருப்பது நூல் அல்ல, கெட்டியான திரவம். பாதிக்குப் பாதி புரதம் என்ற அளவுக்குச் செறிவு. பெரும்பாலான புரதங்கள் அந்தச் செறிவில் திரண்டு கட்டியாகிவிடும். இது மட்டும் நாள்கணக்கில் திரவமாகவே காத்திருக்கிறது. பிறகு, வளைந்து வளைந்து குறுகும் குழாய்க்குள் நுழைந்த நொடிகளில் தண்ணீரில் கரையாத நூலாகி வெளியே வருகிறது. சிலந்தி அதைப் பீய்ச்சி அடிப்பதில்லை. பின்னங்காலால் இழுக்கிறது, அல்லது தன் உடல் எடையைத் தொங்கவிட்டு இழுக்கிறது. கெவ்லார் இழைக்குச் சுடச்சுட அடர் கந்தக அமிலம் வேண்டும். சிலந்திக்குத் தண்ணீரும் அறை வெப்பமும் போதும்.

ஸ்வீடனில் அன்னா ரைசிங், யான் யோஹான்சன் குழு இந்தக் குழாயைப் பாகம் பாகமாக அளந்தது. சுரப்பியின் வால் பக்கம் பி.எச். அளவு 7.6. குழாயின் பாதி வழியிலேயே 5.7. அதாவது லேசான காரத்திலிருந்து அமிலத்துக்கு இறங்குகிறது. இந்த இறக்கத்தைப் படிப்பது புரதத்தின் இரு முனைகள்தான். அமிலம் ஏற ஏற, ஒரு புரதத்தின் தலை இன்னொன்றின் தலையோடு ஜோடி சேர்கிறது. ஏற்கெனவே ஜோடியாக இருக்கும் வால்கள் கலைந்து, அலனின் வரிசைகள் படிகமாவதைத் தொடங்கிவைக்கின்றன. எல்லாமே சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. பல கோடி வருஷமாக முனைகள் மாறாததன் காரணம் இதுதான். நூலாக மாறும் நேரம் எது என்பது அவற்றில் எழுதியிருக்கிறது. அந்த முனைகளை வெட்டிப் போட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் பாக்டீரியாவுக்குக் கொடுத்தால், கரையாத கட்டிதான் மிஞ்சும்.

2017-ல் இதே குழு, ஓர் இனத்தின் தலை, வேறோர் இனத்தின் வால், நடுவே இரண்டே வரிகள் என்று ஒரு குட்டி ஸ்பைட்ராயினைச் செய்தது. பாக்டீரியாவில் ஏராளமாக விளைந்தது, தண்ணீரில் நன்றாகக் கரைந்தது. அதை அமிலக் கரைசலுக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே விட்டதும் நூலாயிற்று. ஒரு லிட்டர் பாக்டீரியா வளர்ப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் நூல். சிலந்தி இழையின் வலிமைக்கு அது கிட்ட வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழி சரி, வரிகள் போதவில்லை.

மழையில் சுருங்கிய கோட்டு

ஜப்பானின் சுருவோகா நகரத்தில் 2007-ல் தொடங்கிய ஸ்பைபர் கம்பெனியின் கதை தனி ரகம். செயற்கைச் சிலந்திப் புரதத்தில் குளிர்காலக் கோட்டு ஒன்றை 2015-ல் காட்டினார்கள். விற்பனைக்கு வர மேலும் நான்கு வருஷமாயிற்று. காரணம், தொங்கும் இழை நனைந்தால் சுருங்கும், சில இனங்களில் பாதி நீளத்துக்கு. பனி விழுந்த வலை தொய்யாமல் விறைத்து நிற்பதற்குச் சிலந்திக்கு இது உதவலாம். மழையில் போகிறவனுடைய கோட்டு சுருங்கினால் யார் வாங்குவார்? புரத வரிசையில் அந்தச் சுருக்கத்துக்குக் காரணமான பகுதியை நீக்கிய பிறகு, 2019-ல் 50 கோட்டுகளை விற்றார்கள். இப்போது அந்தப் பொருளைச் சிலந்தி நூல் என்று கம்பெனியே சொல்வதில்லை. 'ப்ரூட் புரோட்டீன்' என்கிறது. நேர்மையான பெயர்தான்.

அதே ஊரில் உள்ள கெயோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் நொபுவாகி கோனோவும் கசுஹாரு அராகாவாவும் இயற்கை இழையை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். 2021-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுப்படி, இழையில் ஸ்பைட்ராயின் மட்டும் இல்லை. ஸ்பைட்ராயின் குடும்பத்தையே சேராத சின்னப் புரதங்கள் கொஞ்சம் கலந்திருக்கின்றன. 'ஸ்பைஸ்' என்று சுருக்கமாகப் பெயரிட்டார்கள். செயற்கை ஸ்பைட்ராயினில் செய்த படலத்தில் இதைச் சிறிதளவு சேர்த்ததும் அதன் இழுவை வலிமை இரு மடங்கைத் தாண்டியது. முப்பது வருஷமாக எல்லோரும் ஸ்பைட்ராயினின் நீளத்தையும் வரிசையையும் பிடித்துக்கொண்டிருந்தபோது, பட்டியலில் ஒரு சாமானே விட்டுப்போயிருந்தது. அடுத்த வருஷம் அவர்களும் ரிகென் ஆய்வு நிறுவனத்தினரும் சேர்ந்து ஆயிரத்துக்கும் அதிகமான சிலந்தி இனங்களின் நூல் மரபணுக்களைத் திரட்டி, நூற்றுக்கணக்கான இனங்களின் இழையை இழுத்து அளந்து, எந்த வரிசை எந்தக் குணத்தோடு சேர்ந்து வருகிறது என்று அட்டவணை போட்டார்கள். உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கு மேல். ஆக, இது தொடக்கம்தான்.

ஆனால் சேர்ந்து வருகிறது என்பதும் அதனால்தான் வருகிறது என்பதும் வேறு வேறு. ஒரு மரபணு இல்லாவிட்டால் நூல் என்ன ஆகும் என்று பார்க்க, சிலந்தியின் மரபணுவையே திருத்தியாக வேண்டும். கிரிஸ்பர் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் சிலந்தியின் நூல் மரபணுவில் யாரும் கைவைக்க முடியவில்லை. 2025-ல் ஜெர்மனியின் பேராய்த் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஷைபெலும் அவருடைய மாணவர் எட்கார்டோ சான்டியாகோ-ரிவேராவும் அதைச் செய்தார்கள். சாதாரண வீட்டுச் சிலந்திப் பெண்ணைக் கார்பன் டை ஆக்சைடு கொடுத்து மயக்கி, வயிற்றுக்குள் இருக்கும் முட்டைகளுக்குப் போய்ச் சேரும்படி ஊசி போட்டார்கள். பிறகு ஆணோடு சேரவிட்டார்கள். ஒரு சோதனையில், கண் வளர்ச்சிக்கான மரபணுவை முடக்கியதும் குஞ்சுகள் கண்ணில்லாமல் பிறந்தன. இன்னொன்றில், தொங்கும் இழை மரபணு ஒன்றுக்குள் சிவப்பாக ஒளிரும் புரதத்தின் எழுத்தைச் செருக, குஞ்சுகள் சிவப்பாக ஒளிரும் இழை விட்டன.

அந்த இழையில் யாரும் துணி நெய்யப் போவதில்லை. அதன் உபயோகம் வேறு. இனி 28 மரபணுக்களில் ஒன்றை மட்டும் முடக்கிவிட்டு மிச்சத்தோடு சிலந்தியை நூல் நூற்கவிடலாம். 'ஸ்பைஸ்' புரதங்களை நிறுத்திப் பார்க்கலாம். முனைகளைத் திருத்தினால் குழாய்க்குள்ளேயே கட்டியாகிவிடுகிறதா என்று சோதிக்கலாம். வீட்டுச் சிலந்தி சோதனைச்சாலையில் சில மாதங்களில் அடுத்த தலைமுறையைத் தந்துவிடும், அதனால் அதில் முடிந்தது. நல்ல நூல் விடும் பொன்வலைச் சிலந்தி அப்படியல்ல. காலோடு சேர்த்தால் உள்ளங்கை அளவு, வலை கட்டப் பெரிய இடம், தலைமுறைக்குத் தலைமுறை நீண்ட காத்திருப்பு. ரியோமியூர் சொன்ன பழைய பிரச்சினையும் அப்படியே இருக்கிறது: ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் வைத்தாக வேண்டும்.